ஹிஞ்சேவாடி: திரையில் உருகும் உலோகம்

கோல்ஃப் மட்டையின் தலை எப்படிப் பிறக்கிறது? புனேயின் மேற்கு ஓரத்துக் கணினிக் கிராமத்தில் தொடங்கும் அந்தக் கேள்வி முண்ட்வாவின் உலைக்கும், கஸ்பா பேட்டையின் தாமிரத் தெருவுக்கும், சுவாமிமலைக்கும் போய் வருகிறது.

மும்பை - பெங்களூர் நெடுஞ்சாலையில் வாக்கட் பாலத்தருகே மேற்கே பிரிகிறது ஹிஞ்சேவாடி சாலை. பிரிய ஒரு நிமிடம் போதும். ஊருக்குள் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்லத் துணிவதில்லை. காலை 9 மணிக்குக் கம்பெனி பஸ்கள், கார்கள், முதுகில் லேப்டாப் பை தொங்கும் பைக் இளைஞர்கள், நடுவே எங்கிருந்தோ வந்து மாட்டிக்கொண்ட ஒரு கரும்பு டிராக்டர் என எல்லாமே மாட்டு வண்டி வேகத்தில்தான் நகர்கின்றன. ஹிஞ்சேவாடிக்கும் சிவாஜிநகருக்கும் இடையே சுமார் 23 கிலோமீட்டர் மெட்ரோ ரயில் பாதைக்கு 2018 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் அதன் தூண்களே சாலையை இன்னும் கொஞ்சம் ஒடுக்கின.

இங்கே வழி கேட்டால் கோயிலையோ குளத்தையோ அடையாளம் சொல்ல மாட்டார்கள். விப்ரோ சர்க்கிள், டாடா ஜான்சன் சர்க்கிள் என்று கம்பெனி பெயரில்தான் நாற்சந்திகள். 1990களின் நடுப்பகுதி வரை இது முல்ஷி தாலுகாவின் சாதாரண விவசாய கிராமம். மகாராஷ்டிரா தொழில் வளர்ச்சிக் கழகம் நிலம் எடுத்து ராஜீவ் காந்தி இன்ஃபோடெக் பூங்காவை அமைத்தது. முதல் கட்டம், இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம் என்று அது பக்கத்துக் கிராமங்களான மான், மாருஞ்சி வரை படர்ந்துவிட்டது. வயலாக இருந்த இடங்களில் இன்று கண்ணாடிக் கட்டடங்களும் வாடகைக் குடியிருப்புகளும் நிற்கின்றன. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்த பையன்கள் அறையைப் பங்கிட்டுக்கொண்டு, இட்லிக்கு சாம்பார் இனிக்கிறது என்று குறைப்பட்டபடி வேலைக்குப் போகிறார்கள். முந்தைய தலைமுறையில் புனேக்கு வந்த தமிழர்கள் ராஸ்தா பேட்டையிலும் கட்கியிலும் வேர்விட்டார்கள். இந்தத் தலைமுறைக்கு ஹிஞ்சேவாடி.

கிராமம் முழுசாகக் காணாமல் போய்விடவில்லை. ஊர்த் தெய்வம் மாத்தோபா இன்னும் இருக்கிறார். சித்திரைப் பௌர்ணமியில் அவருக்கு 'பகாட்' திருவிழா. வழிவழியாக உரிமை உள்ள குடும்பத்தாரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரின் முதுகில் இரும்புக் கொக்கிகளைச் செருகி, உயரமான மரச் சட்டத்தில் ஏற்றி வாக்கட் வரை ஊர்வலமாகக் கொண்டுபோகிறார்கள். தமிழ்நாட்டு மாரியம்மன் கோயில்களில் செடல் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. அன்றைக்கு ஒரு நாள் மட்டும் மென்பொருள் கம்பெனி பஸ்கள் கிராமத்துக்கு வழிவிட்டு நிற்கின்றன.

அந்தக் கொக்கியை விட்டால், ஹிஞ்சேவாடியில் உலோகம் என்று கண்ணுக்குத் தெரிவது குறைவு. அது இருப்பதெல்லாம் திரைக்குள். டாடா டெக்னாலஜிஸின் தலைமையகம் இங்குதான். கார், விமானம் போன்றவற்றின் பாகங்களை வடிவமைத்துக் கொடுப்பது அதன் தொழில். பிரான்சின் தஸ்ஸோ சிஸ்டம்ஸ், போர் விமானம் வரைவதற்காகப் பிறந்த 'காட்டியா' மென்பொருளுக்கும், சிறு பட்டறைகள்வரை பரவிய 'சாலிட்வொர்க்ஸ்' மென்பொருளுக்கும் சொந்தக்கார நிறுவனம். அதன் மென்பொருள் உருவாக்கக் கூடம் ஒன்றும் இங்கே இயங்குகிறது. எங்கோ ஓர் ஊரில் ஒருவர் திரையில் ஒரு வளைவை இழுத்து, அதற்குக் கனம் கொடுத்து, இந்த இடத்தில் எத்தனை கிராம் என்று கேட்டால் மென்பொருள் உடனே பதில் சொல்கிறது. அந்தப் பதிலுக்குப் பின்னால் ஹிஞ்சேவாடியில் எழுதிய சில வரிகளும் இருக்கலாம்.

திரையில் வரைவது ஒன்று. உலோகத்தில் அது பிறப்பது வேறொன்று. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று பார்க்கக் கோல்ஃப் மட்டையின் தலையைப் போல நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. பூங்காவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லாமலும் இல்லை. அதே முல்ஷி தாலுகாவின் லவளே மலைமேல் 18 குழிகள் கொண்ட ஆக்ஸ்ஃபோர்டு கோல்ஃப் மைதானம் பரந்து கிடக்கிறது. வார நாட்களில் திரையில் உலோகத்தை வளைப்பவர்களில் கொஞ்சம் வசதி வந்தவர்கள், வாரக் கடைசியில் அங்கே போய் அதே உலோகத்தைச் சுழற்றுகிறார்கள்.

இந்தியாவுக்கு இந்த விளையாட்டு புதிதல்ல. 1829இல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்தான் பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகிலேயே பழையது. ஆனால் மட்டை எப்போதும் கப்பலில்தான் வந்து இறங்கியது. தொலைவுக்கு அடிக்கும் பெரிய மட்டைக்கு அன்று பெர்சிமன் என்ற கெட்டி மரத்தில் தலை. சிறு மட்டைகளுக்கு ஸ்காட்லாந்துக் கொல்லர்கள் உலையில் காய்ச்சி அடித்த இரும்புத் தலை. 1979இல் அமெரிக்காவின் கேரி ஆடம்ஸ் தன் டெய்லர்மேட் கம்பெனி மூலம் துருப்பிடிக்காத எஃகில் உள்ளே வெற்றிடமான தலையைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, எஃகு நகரான பிட்ஸ்பர்கின் பெயரைச் சேர்த்து 'பிட்ஸ்பர்க் பெர்சிமன்' என்று அதற்குக் கேலிப் பெயர் விழுந்தது. கேலி அதிக நாள் நீடிக்கவில்லை. 1991இல் காலவே கம்பெனியின் 'பிக் பெர்த்தா', 1995இல் அதன் டைட்டானியத் தம்பி என்று வரிசையாக வர, மரத் தலை அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. 'உட்' என்ற பெயர் மட்டும் உலோக மட்டையில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஏன் உலோகம் என்பதற்குக் காரணம் சுலபம். டிரைவர் எனப்படும் பெரிய மட்டையின் தலை ஏறக்குறைய 200 கிராம்தான் இருக்க முடியும். அதற்கு மேல் போனால் வேகமாகச் சுழற்ற முடியாது. அதே 200 கிராமை நடுவில் குவிக்காமல் ஓரங்களுக்குத் தள்ளினால், பந்து நடுவிலிருந்து சற்று விலகிப் பட்டாலும் தலை முறுக்கிக்கொள்ளாது. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் என்ஜினியராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம் 1959இல் தன் வீட்டிலேயே செய்த 'பிங்' பட்டர் மட்டையில் இந்த உபாயத்தைத்தான் கையாண்டார். சுமாராக ஆடுபவனின் பிழையை மன்னிக்கும் மட்டை அது. உலகில் சுமாராக ஆடுபவர்கள்தானே அதிகம்? வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது.

இந்த நகைக்கடைக் கணக்கை நிறைவேற்ற அடிக்கும் முறை போதாது, வார்க்க வேண்டும். அதுவும் சாதாரண மணல் வார்ப்பு அல்ல. மெழுகு வார்ப்பு. தமிழர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் ஸ்தபதிகள் தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, மெழுகில் நடராஜரைச் செய்து, காவிரி வண்டலைப் பூசி, உலர்த்தி, சூடு காட்டி மெழுகை ஓடவிட்டு, அந்த வெற்றிடத்தில் பஞ்சலோகத்தை ஊற்றுகிறார்கள். மண் கூட்டை உடைத்தால் விக்கிரகம். கலிபோர்னியாவில் வரைந்த கோல்ஃப் தலையும் அடிப்படையில் இதே வழியாகத்தான் வெளியே வருகிறது.

வித்தியாசம் மெழுகில் ஆரம்பிக்கிறது. சுவாமிமலையில் மெழுகு உருவமே கையால் செய்தது; ஒரு முறை ஓடிவிட்டால் போனது போனதுதான். ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது என்பதே அதன் பெருமை. கோல்ஃப் தலைக்கோ ஒன்றைப் போல் இன்னொன்று இருந்தே ஆக வேண்டும். அதனால் அலுமினியத்தில் கடைந்த அச்சுக்குள் மெழுகைப் பீய்ச்சுகிறார்கள். டிரைவர் தலை உள்ளே காலி என்பதால் அச்சின் உட்புறத் துண்டுகளைப் புதிர்ப் பெட்டியைப் பிரிப்பதுபோல் ஒவ்வொன்றாக, முகத்துக்கோ உச்சிக்கோ விட்ட திறப்பின் வழியே உருவ வேண்டும். இப்படிக் கிடைத்த மெழுகுத் தலைகளை ஒரு நடுத்தண்டில் குலையாக ஒட்டுகிறார்கள். தொழிலில் இதற்கு மரம் என்று பெயர், பார்ப்பதற்கு வாழைக்குலை. அதைப் பீங்கான் குழம்பில் முக்கி, மேலே மணலைத் தூவி, உலர்த்தி, மறுபடி முக்கி என்று ஆறேழு தடவை செய்தால் ஓடு பிடிக்கிறது. நீராவி அழுத்தத்தில் மெழுகு வெளியேறுகிறது. ஓட்டைச் சூளையில் சுட்டு, சிவக்கச் சிவக்க இருக்கும்போதே உருகிய எஃகை ஊற்றுகிறார்கள். ஓடு குளிர்ந்திருந்தால் மில்லிமீட்டர் கனமுள்ள சுவருக்குள் உலோகம் பாதி வழியிலேயே உறைந்துவிடும்.

டைட்டானியம் என்றால் இன்னும் தொல்லை. எஃகின் எடையில் பாதிக்குச் சற்று மேல்தான். ஆனால் உருகுவதற்கு 1,668 டிகிரி வெப்பம் கேட்கும். அந்தச் சூட்டில் காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடும் நைட்ரஜனோடும் உடனே உறவு கொண்டாடி நொறுங்கும் தன்மையடைந்துவிடும். ஓட்டிலுள்ள சிலிக்காவைக்கூட விடாது. எனவே காற்றை வெளியேற்றிய உலையில் உருக்க வேண்டும். ஓட்டின் உட்பூச்சுக்கு விலை உயர்ந்த யிட்ரியமோ சிர்கோனியமோ வேண்டும். குழம்பு எல்லா மூலைக்கும் ஓட, அச்சை ராட்டினம்போல் சுற்ற வேண்டும். இவ்வளவு பாடுபட்டு எடை மிச்சம் பிடித்ததால்தான் தலையைப் பூசணிபோல் பெரிதாக்க முடிந்தது. எங்கே நிற்கும் என்று தெரியாமல் வளர்ந்துகொண்டே போனதால், 2004 முதல் 460 கன சென்டிமீட்டருக்கு மேல் கூடாது என்று விதியே வந்தது.

வார்ப்பை மதிக்காத கூட்டம் ஒன்றும் உண்டு. அயர்ன் எனப்படும் தட்டையான மட்டை அடித்துச் செய்ததாக இருக்க வேண்டும், அப்போதுதான் பந்து பட்டதும் கைக்கு அந்த 'மெத்' என்ற உணர்வு வரும் என்பது அவர்கள் கட்சி. அடித்த உலோகத்தில் இழைகள் வடிவத்தோடு சேர்ந்து ஓடும், வார்த்ததில் ஓடாது என்பது உண்மை. மென்மையான கார்பன் எஃகு என்பதால் ஆடுபவரின் உயரத்துக்குத் தக்கபடி கழுத்தை ஓரிரு டிகிரி வளைத்துக் கொடுக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்தால் எத்தனை பேர் வித்தியாசம் கண்டுபிடிப்பார்கள் என்பது சந்தேகமே. காபியில் சிக்கரி விவகாரம் மாதிரிதான் இது.

அடிக்கும் முறையில் உலகப் புகழ் ஜப்பானுக்கு. ஹிமேஜியை அடுத்த இச்சிகாவாவிலும், ஸ்பூனுக்கும் முள்கரண்டிக்கும் பேர்போன சுபாமேயிலும் உருண்டைக் கம்பியை வெட்டி, 1,200 டிகிரி அளவில் காய்ச்சி, மேலும் கீழுமாக இரண்டு அச்சுக்கு நடுவே வைத்து அடிக்கிறார்கள். முதல் அடியில் உருவம் தெரியும். அடுத்த அடியில் முகம் தெளியும். ஓரத்தில் பிதுங்கிய தகட்டை நறுக்குகிறார்கள். பிறகு குளிர்ந்த நிலையில் இன்னொரு அழுத்து. தண்டு செருகத் துளை, முகத்தில் கோடுகள், கடைசியில் நிக்கல், குரோமியம் முலாம்.

இதைப் பார்க்க ஜப்பான் போக வேண்டியதில்லை என்று புனேக்காரர் எவரும் சொல்வார். ஹிஞ்சேவாடி நகரின் மேற்குக் கோடி என்றால், கிழக்குப் பக்கம் முண்ட்வாவில் இருக்கிறது பாரத் ஃபோர்ஜ். நீல்கண்ட் கல்யாணி 1961இல் தொடங்கிய கம்பெனி. லாரி என்ஜினின் கிராங்க் ஷாஃப்டையும் முன் அச்சையும் அடித்து உலகம் முழுக்க அனுப்புகிறது. அயர்ன் தலை 250 கிராமோ சற்று மேலோ. கிராங்க் ஷாஃப்ட் ஓர் ஆள் தூக்க முடியாதது. சமாச்சாரம் ஒன்றேதான்: பழுக்கக் காய்ந்த எஃகு, இரண்டு அச்சு, ஒரு அடி.

ஆனால் முண்ட்வாவின் கதையில் கோல்ஃபைவிட முக்கியமான திருப்பம் ஒன்று உண்டு. ஆரம்பத்தில் அங்கே சம்மட்டி இயந்திரங்கள். அனலில் நின்று, இடுக்கியால் துண்டைப் புரட்டி, எத்தனை அடி போதும் என்று கண்ணாலேயே கணக்கிடும் கைகாரர்களின் ராஜ்யம். நீல்கண்டின் மகன் பாபா கல்யாணி, 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியிலிருந்து 16,000 டன் அழுத்தம் தரும் தானியங்கிப் பிரஸ்ஸை வரவழைத்தார். அதற்குப் பின் உலைக்கூடத்தில் பழைய கைகாரர்களின் இடத்தைப் படித்த என்ஜினியர்கள் பிடித்தார்கள். உலோகம் அச்சுக்குள் எப்படி ஓடும், எந்த மூலை நிரம்பாமல் போகும் என்பதை முதலில் கணினியில் ஓட்டிப் பார்த்து, பிறகுதான் எஃகைக் காய்ச்சுகிறார்கள். இந்தியாவின் வாகன உதிரிபாகத் தொழில் உலகச் சந்தையில் நிமிர்ந்து நின்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. கண்ணாலேயே கணக்கிடத் தெரிந்தவர்களின் கணக்கு எந்தக் கணினிக்குள்ளும் முழுசாக ஏறவில்லை என்பதையும்தான்.

அந்த மாதிரிக் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கும் இடம் ஒன்று புனேயில் உண்டு. நகரின் மிகப் பழைய பகுதியான கஸ்பா பேட்டையில் தாம்பட் ஆளி. கும்பகோணத்துக்காரர்கள் கன்னார் தெரு என்று புரிந்துகொள்ளலாம். கொங்கணக் கரையிலிருந்து வந்து பேஷ்வாக்களின் ஆதரவில் குடியேறிய தாமிரக் கைவினைஞர்கள் இவர்கள். தெருவுக்குள் நுழையுமுன்பே சத்தம் வந்து வரவேற்கிறது. தகட்டைக் கம்பத்தில் கவிழ்த்து, சுத்தியலால் வரிசை தப்பாமல் தட்டிக்கொண்டே போகிறார்கள். 'மட்டார்' வேலை என்று பெயர். ஒவ்வொரு தட்டும் ஒரு சிறு குழி. குழிகள் சேர்ந்து பாத்திரம் முழுக்க மின்னும் செதில்கள். அழகுக்காக என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். அசல் காரணம் வேறு. காய்ச்சிய தாமிரம் குழைவானது; குளிர்ந்த நிலையில் அடி வாங்க வாங்க இறுகும். மெல்லிய தகடு நசுங்காமல் அடுத்த தலைமுறைவரை உழைப்பது இந்தத் தட்டலால்தான்.

கோல்ஃப் தலையிலும் இந்தத் தகட்டு வித்தைக்கு இடமுண்டு. ஜப்பானில் ஆரம்பகால டைட்டானிய டிரைவர்கள் பல, தகடுகளைத் தனித்தனியே அழுத்தி, உச்சி, அடி, முகம், கழுத்து என்று துண்டு துண்டாகச் செய்து பற்றவைத்தவை. இன்றும் உடலை வார்த்துவிட்டு முகத்தை மட்டும் உருட்டிய தகட்டிலோ அடித்த துண்டிலோ செய்து ஒட்டவைப்பது பரவலான வழக்கம். பந்து மோதும்போது முகம் மிகச் சிறிதளவு உள்வாங்கி உடனே திரும்பித் தள்ள வேண்டும். தடித்துப்போனால் தள்ளாது, மெலிந்தால் வெடிக்கும். நடுவில் ஒரு கனம், ஓரத்தில் ஒரு கனம் என்று பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கணக்கில் இழைக்கிறார்கள். அதிகமாகத் துள்ளக்கூடாது என்பதற்கும் விதி உண்டு. சிறு ஊசற்குண்டை மோதவிட்டு, தொட்டுக்கொண்டிருக்கும் நேரத்தை மைக்ரோ விநாடியில் அளக்கிறார்கள்.

தாம்பட் ஆளியில் இப்படிக் கருவிகள் கிடையாது. காது இருக்கிறது. தகடு இறுகிவிட்டதா, மறுபடி காய்ச்ச வேண்டுமா என்பதைச் சத்தத்திலேயே கண்டுகொள்கிறார்கள். ஒரு காலத்தில் புனே வீடுகளில் வெந்நீர் போட்டது இவர்கள் செய்த 'பம்ப்' எனும் தாமிரக் கொதிகலன். கீஸர் வந்தது, பம்ப் போனது. எவர்சில்வர் வந்தது, குடம் போனது. பல வீட்டுப் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். இன்டாக் அமைப்பின் முயற்சியால் 2010களில் 'காப்ரே' என்ற பெயரில் விளக்குகளும் கூஜாக்களும் நகரத்து வரவேற்பறைகளுக்காகச் செய்யப்பட்டன. கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் நாள் முழுதும் சுத்தியலைப் பிடித்த தோளும், நாள் முழுதும் அந்த ஓசையைக் கேட்ட காதும் என்ன ஆகும் என்பதற்கு எந்த வடிவமைப்பாளரும் இன்னும் வழி சொல்லவில்லை.

இதே கேள்விதான் கோல்ஃப் தலைக்கும். விளம்பரங்கள் உலையைக் காட்டுகின்றன, கணினித் திரையைக் காட்டுகின்றன. கடைசிக் கட்டத்தைக் காட்டுவதில்லை. வார்ப்பிலிருந்தோ அச்சிலிருந்தோ வெளிவரும் தலை கறுத்து, தழும்பேறி இருக்கும். அதை ஒரு மனிதர் இரண்டு கையாலும் பிடித்து, சுழலும் உராய்வுப் பட்டையில் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும். எடை ஓரிரு கிராம் தாண்டக்கூடாது, வளைவு மாறக்கூடாது. ஒரே நாளில் எத்தனையோ தலைகள். பட்டையின் அதிர்வு விரல்களுக்குள் இறங்குகிறது. வருடக்கணக்கில் இறங்கினால் ரத்தக் குழாய்கள் சுருங்கி விரல் நுனிகள் வெளுத்து மரத்துப்போகின்றன. தென் சீனத்தில் கோல்ஃப் தலை மெருகிடும் தொழிலாளர்களிடம் இந்த நோய் மருத்துவ ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. குளிர்நாட்டு நோய் என்று கருதப்பட்டது, வெப்பமான குவாங்டாங்கிலும் தலைகாட்டியதுதான் ஆய்வாளர்களை நிமிர்ந்து உட்காரவைத்தது.

தூசி தனிக்கதை. பீங்கான் ஓட்டை உடைக்கும்போது பறக்கும் சிலிக்கா நுரையீரலில் படிந்தால் திரும்பி வராது. இந்தியாவின் 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே சிலிகோசிஸ் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் ஒன்று. 1980களில் பெரிலியம் கலந்த தாமிரத்தில் செய்த மட்டைகளுக்கு ஏக மவுசு. அந்தச் செம்பொன் நிறத்துக்கு இன்றும் ரசிகர்கள் உண்டு. ஆடுபவருக்கு அதனால் ஆபத்தில்லை. அதைத் தேய்த்து மெருகிட்டவர் சுவாசித்த பெரிலியத் தூசியில்தான் விஷம். அந்த உலோகம் மெல்லக் கைவிடப்பட்டது.

புனேயில் வடிவமைக்கும் மென்பொருள் இருக்கிறது. அடிக்கும் உலை இருக்கிறது. தகட்டின் சுபாவம் அறிந்த கைகள் இருக்கின்றன. தமிழ்நாட்டிலோ மெழுகு வார்ப்பு சோழர் காலச் சொத்து; கோவையில் வார்ப்படத் தொழில் கொடிகட்டிப் பறக்கிறது. பிறகு ஏன் உலகின் கோல்ஃப் தலைகளில் பெரும்பகுதி தைவானின் கௌஷுங்கைச் சுற்றி வளர்ந்த கம்பெனிகளிடமிருந்தும், அவை பின்னர் குவாங்டாங்கிலும் வியட்நாமிலும் திறந்த ஆலைகளிலிருந்தும் வருகின்றன? ஆடுபவர்கள் இங்கே குறைவு என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியம் பக்கத்து வீட்டுச் சௌகரியம். கோல்ஃப் மட்டைக்கு ஓரிரு வருடத்துக்கு ஒரு முறை புது மாடல் வந்தாக வேண்டும். மெழுகு அச்சு செய்பவர், வார்ப்பவர், முகத்தகடு உருட்டுபவர், முலாம் பூசுபவர், மெருகிடுபவர் எல்லோரும் ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்தால்தான் இந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியும். கௌஷுங்கில் அந்தக் கூட்டம் 1970களிலிருந்து சேர்ந்தது. இந்தியாவில் விளையாட்டுச் சாமான் என்றால் ஜலந்தரும் மீரட்டும். அங்கே கூட்டம் சேர்ந்தது கிரிக்கெட் மட்டைக்கும் பந்துக்கும்.

ஹிஞ்சேவாடிக்கும் முண்ட்வாவுக்கும் இடையே முப்பது கிலோமீட்டர்கூட இராது. ஒன்றில் வேலை செய்பவருக்கு மற்றதில் காலடி வைக்க வாய்ப்பு வருவது அபூர்வம். கஸ்பா பேட்டையோ இருவருக்கும் கல்யாணத்துக்குப் பாத்திரம் வாங்கும் இடம். பூங்காவுக்கு நிலம் தந்த வீட்டுப் பிள்ளைகளில் சிலர் அதே பூங்காவில் என்ஜினியர்களாகவும் பலர் அதன் வாசலில் வண்டி ஓட்டுபவர்களாகவும் இருக்கிறார்கள். யார் திரைக்கு முன்னால் உட்காருகிறார், யார் பட்டைக்கு முன்னால் நிற்கிறார் என்பதைத் திறமை மட்டும் முடிவு செய்வதில்லை. எந்தப் பள்ளிக்கூடம், எந்த மொழி, நெடுஞ்சாலையின் எந்தப் பக்கம் என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

திரைக்கும் உலோகத்துக்கும் நடுவே உள்ள ஆட்களை அடியோடு எடுத்துவிடலாம் என்கிறது புதிய முறை ஒன்று. உலோகப் பொடியை மெல்லிய படலமாகப் பரப்பி, வரைபடம் சொல்லும் இடத்தில் மட்டும் லேசரால் உருக்கியோ பசையால் ஒட்டியோ அடுக்கடுக்காக வளர்க்கிறார்கள். அச்சு வேண்டாம், மெழுகு வேண்டாம், சம்மட்டி வேண்டாம். அமெரிக்காவின் கோப்ரா கம்பெனி 2020இல் ஹெச்.பி. நிறுவனத்தின் இயந்திரத்தில் இப்படி ஒரு பட்டர் தலையைச் செய்தது. 2024இல் அயர்ன் தலைகளையும் இறக்கியது. வெளியே கெட்டியாகத் தெரியும் தலைக்குள் தேன்கூடு போன்ற சட்டம். வார்ப்பிலோ அடிப்பிலோ கொண்டுவரவே முடியாத வடிவம் அது. ஹிஞ்சேவாடியில் இதைக் கேட்டால் கண்கள் விரிகின்றன. கோப்பு ஒன்றை அனுப்பினால் உலோகமே வந்துவிடுகிறதே!

வந்துவிடுகிறது. ஆனால் இயந்திரத்திலிருந்து எடுக்கும்போது அது உப்புத்தாள்போல் சொரசொரப்பாக இருக்கிறது; தாங்குகால்களை வெட்டி எறிய வேண்டியிருக்கிறது; பந்து படும் முகத்தைச் சீவிச் சமன் செய்ய வேண்டியிருக்கிறது. அதற்கப்புறம் அதையும் யாரோ ஒருவர் கையில் எடுத்து மெருகிடப் போகிறார்.